பெயர் போடாத பத்திரிகை, பெயர் கொடுத்த பெண்

மாக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலைப் படித்து அழாதவர்கள் எங்கள் வயதுக்காரர்களில் குறைவு. நானும் அழுதவன்தான். தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் படித்தேன். படிப்பறிவு குறைந்த ஒரு தொழிலாளியின் மனைவி, பெலகேயா நீலவ்னா. மகன் சிறைக்குப் போனதும், சாப்பாடு விற்கிறவளாகத் தொழிற்சாலைக்குள் நுழைகிறாள். துண்டறிக்கைகளை உடம்பில் மறைத்து எடுத்துப் போகிறாள். கடைசியில் ரயில் நிலையத்தில் பிடிபடுகிறாள். பெட்டி நிறைய மகன் நீதிமன்றத்தில் பேசிய பேச்சின் அச்சுப் பிரதிகள். அந்தப் பெட்டி நம்ம பெட்டி மாதிரி இருந்தது. அந்தத் தாய் நம்ம தாய் மாதிரி இருந்தாள்.

அந்த நாவலை உலக மொழிகளில் எல்லாம் அச்சடித்து மலிவு விலைக்கு அனுப்பிய அதே அரசு, 1979 நவம்பர் 1 அன்று மாஸ்கோவில் ஒரு தாயைக் கைது செய்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். கணிதம் படித்தவர். குற்றம் என்ன? தாள்களைத் தயாரித்தது, கைமாற்றிக் கொடுத்தது. துப்பாக்கி இல்லை, வெடிகுண்டு இல்லை. தட்டச்சு செய்த மெல்லிய தாள்கள்தான். பெயர் தத்யானா வெலிகானவா. முன்னேற்றப் பதிப்பகம் போட்ட எந்தப் புத்தகத்திலும் இந்தப் பேரை நான் பார்க்கலை.

சோவியத் புத்தகங்களைத் திட்டுவதற்காக இதை எழுத வரவில்லை. அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் இவ்வளவு படித்திருக்க மாட்டோம். பத்து ரூபாய்க்குள் கெட்டி அட்டைப் புத்தகம் வேறு யார் கொடுத்தார்கள்? எனக்கு இருப்பது ஓர் இலக்கியக் கேள்வி. வெலிகானவாவும் அவருடைய நண்பர்களும் நடத்திய அந்தப் பத்திரிகையில் கதை இல்லை, கவிதை இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. இத்தனைக்கும் பிறகு அது ஏன் படிக்கிறவனைத் தூங்க விடுவதில்லை?

*

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1932இல் பிறந்தவர். 1954இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் இயக்கவியல்-கணிதத் துறையில் படித்து முடித்தார். ஊரல் பகுதியில் பள்ளிக்கூட ஆசிரியை. பிறகு மாஸ்கோ திரும்பிக் கணிப்பொறி நிரல் எழுதும் வேலை. கணவர் கன்ஸ்தந்தீன் பபீத்ஸ்கி மொழியியல் அறிஞர்.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. ஆகஸ்ட் 25 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் கையில் பதாகைகளோடு உட்கார்ந்தார்கள். சில நிமிடங்கள்தான். அடித்து இழுத்துப் போனார்கள். அந்த எட்டுப் பேரில் பபீத்ஸ்கி ஒருவர். மூன்றாண்டு நாடுகடத்தல் கிடைத்தது. வெலிகானவா அன்று சதுக்கத்தில் உட்காரவில்லை. கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கு வந்தபோது சாட்சியாகப் போய்த் தான் பார்த்ததைச் சொன்னார்.

இதைக் கவனிக்கணும். கணவனை அடித்து இழுத்துக்கிட்டுப் போறான். பாய்ந்து போகவும் மனசு துடிக்கும். ஆனால் எல்லோரும் உள்ளே போய்விட்டால் நடந்ததைச் சொல்ல யார் இருப்பார்கள்? நின்று பார்ப்பதும் ஒரு வேலைதான். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த வேலையின் தொடர்ச்சி.

*

அந்தப் பத்திரிகையின் பெயர் 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு'. முதல் இதழ் 1968 ஏப்ரல் 30 தேதியிட்டது. தயாரித்தவர் கவிஞர் நதால்யா கர்பனேவ்ஸ்கயா. ஐ.நா. அந்த ஆண்டை மனித உரிமை ஆண்டாக அறிவித்திருந்தது. உலக மனித உரிமைப் பிரகடனத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றிய 19ஆம் பிரிவை முகப்பில் போட்டுக்கொண்டு இதழ் வெளிவந்தது. கர்பனேவ்ஸ்கயாவை 1969 டிசம்பரில் கைது செய்து, பிறகு மனநோய் என்று முத்திரை குத்திக் கசானில் சிறப்பு மனநோய் மருத்துவமனையில் அடைத்தார்கள். ஆசிரியர் போனார், பத்திரிகை நிற்கவில்லை. 1970களின் பெரும்பகுதியில் அதைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் வெலிகானவா. 1983 வரை அறுபதுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தன.

அச்சகம் கிடையாது. அச்சு இயந்திரமெல்லாம் அரசின் பிடியில். அதனால் தட்டச்சுப் பொறி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள், இடையிடையே கார்பன். ஒரு தடவை அடித்தால் சில பிரதிகள். வாங்கியவர் மறுபடி அடித்துச் சில பேருக்குக் கொடுப்பார். அடியில் இருந்த பிரதியை வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க முடியும். இந்த முறைக்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் 'சமிஸ்தாத்'. தானே பதிப்பித்துக்கொள்வது என்று பொருள்.

செய்தி எப்படி வந்து சேரும்? 1968 கடைசியில் வந்த இதழ் வாசகர்களுக்கே வழி சொன்னது. உனக்குத் தெரிந்ததை, உனக்கு இந்த இதழைக் கொடுத்தவரிடம் சொல். அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். நீயே சங்கிலி முழுக்கத் தேடிப் போகாதே, போனால் உன்னை உளவாளி என்று நினைப்பார்கள். ஒரு கைக்கு அடுத்த கை மட்டும்தான் தெரியும். தாள் ஒரு திசையில் இறங்குகிறது, செய்தி எதிர்த் திசையில் ஏறுகிறது. வாசகரே நிருபர்.

இதழுக்குள்ளே என்ன இருக்கும்? யாரைக் கைது செய்தார்கள், எந்தத் தேதி, என்ன தொழில் செய்தவர், எந்தச் சட்டப் பிரிவு, நீதிபதி யார், எத்தனை ஆண்டு. எந்த முகாமில் யார் தண்டனைக் கொட்டடியில் எத்தனை நாள் இருந்தார். யார் வேலை போனது. எந்த வீட்டில் சோதனை, எதை எடுத்துப் போனார்கள். 'ஐயோ' கிடையாது, 'கொடுங்கோலன்' கிடையாது. அடைமொழி என்றே எதுவும் கண்ணில் படாது. இவற்றோடு இன்னொரு பகுதியும் வரும்: திருத்தங்களும் சேர்க்கைகளும். முந்தைய இதழில் பெயர் தவறு, தேதி தவறு, ஆண்டுக் கணக்கு தவறு என்றால் அதை எடுத்துப் போட்டுச் சரி செய்வார்கள்.

மாட்டினால் ஏழு வருஷம். அந்த நிலையில் உட்கார்ந்து, போன இதழில் ஒரு கைதியின் தகப்பன் பெயர் தப்பாய்ப் போயிருந்தால் அதையும் திருத்துவது என்றால் என்ன மனசு வேண்டும் பாருங்க.

*

இந்த இடத்தில்தான் கணிதம் வருகிறது. வெலிகானவா மட்டுமில்லை. குறிப்பேட்டுக்கு உழைத்த அலெக்சாண்டர் லாவூத் கணிதம் படித்தவர். யூரி ஷிகானோவிச் கணித ஆசிரியர். இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருந்தார்: அலெக்சாண்டர் எசேனின்-வோல்பின். கவிஞர் செர்கேய் எசேனினின் மகன், தருக்கவியல் அறிஞர். 1965இல் இரண்டு எழுத்தாளர்களை, சின்யாவ்ஸ்கியையும் தானியேலையும், கதை எழுதியதற்காகப் பிடித்தபோது, டிசம்பர் 5 அன்று, அதாவது சோவியத் அரசியல் சட்ட நாளில், மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்தில் கூட்டம் கூட்டினார். கோரிக்கை இரண்டே. வழக்கைத் திறந்த மன்றத்தில் நடத்து. உன் அரசியல் சட்டத்தை நீயே மதி. 1968இல் அவரை மனநோய் மருத்துவமனையில் போட்டபோது 99 கணித அறிஞர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்ட பலருக்கு வேலையில் தொல்லை.

நண்பர்கள் பலர் வோல்பினைப் பார்த்துச் சிரித்தார்கள். 'ஸ்டாலின் காலத்தில் எழுதிய சட்டம் வெறும் தாள், அதைப் போய் நம்புறியே' என்றார்கள். அவர் அதை நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. கணிதத்தில் ஒரு முறை உண்டு. எதிராளி சொல்வதை உண்மை என்றே வைத்துக்கொள்வது. அதிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அவன் சொல்லே அவன் சொல்லுக்கு எதிராய் நிற்பதைக் காட்டுவது. உன் சட்டத்தில் பேச்சுரிமை இருக்கிறது என்றாய். சரி, ஒப்புக்கொண்டோம். இதோ பேசியவர்களின் பட்டியல். இதோ அவர்கள் இருக்கும் சிறைகள். கூட்டிப் பார்.

குறிப்பேடு பதினைந்து ஆண்டு செய்தது இதைத்தான். அதனால்தான் அதில் அடைமொழி இல்லை. நிரூபணத்தில் அடைமொழிக்கு வேலை கிடையாது. பிழை இருந்தால் நிரூபணம் விழும், ஆகவே பிழையைத் தானே தேடித் திருத்த வேண்டும். 'சோவியத் அமைப்பை இழிவுபடுத்தும் பொய்' பரப்பினார்கள் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. குறிப்பேடு ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்ததன் மூலம் அந்தச் சொல்லில் 'பொய்' என்ற பகுதியைப் பிடுங்கிப் போட்டது.

*

1972இல் குறிப்பேட்டை நசுக்க ஒரு தனி வழக்கே நடந்தது. பியோத்தர் யாகிர், விக்தர் கிராசின் என்ற இருவர் சிறையில் உடைந்து போனார்கள். 1973இல் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தி, செய்ததெல்லாம் தப்பு என்று சொல்ல வைத்தார்கள். அதற்கும் மேலே கே.ஜி.பி. ஒரு தந்திரம் செய்தது. இனி ஒவ்வோர் இதழ் வந்தாலும் ஆட்களைக் கைது செய்வோம், அவர்கள் இதழைத் தயாரித்தவர்களாய் இருக்க வேண்டும் என்றில்லை என்று மிரட்டியது. நீ எழுது, உன் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்கிறேன். இதுதான் அந்தப் பேரம்.

இதை யாரும் லேசாய் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் உயிரைக் கொடுக்கத் தயாராய் இருக்கிறவர்கள்கூட இந்த இடத்தில் திகைத்துப் போவார்கள். என் சொல்லுக்கு இன்னொருவன் ஜெயிலுக்குப் போனால் என் சொல்லுக்கு என்ன யோக்கியதை? குறிப்பேடு நின்றுபோனது. 1972 இலையுதிர் காலத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு இதழ் இல்லை.

1974 மே 7 அன்று மாஸ்கோவில் வெளிநாட்டு நிருபர்களை மூன்று பேர் வரவழைத்தார்கள். தத்யானா வெலிகானவா, உயிரியல் அறிஞர் செர்கேய் கவல்யோவ், மொழியியலாளர் தத்யானா கதரோவிச். தேங்கிக் கிடந்த மூன்று இதழ்களை, 28, 29, 30, மேசை மேல் வைத்தார்கள். கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றையும் கொடுத்தார்கள். குறிப்பேடு சட்டவிரோதமானது என்றோ பொய் என்றோ நாங்கள் கருதவில்லை, இனி இது பரவுவதற்கு நாங்கள் உதவுவோம் என்பது அதன் சாரம்.

விமர்சகனாக எனக்கு இந்த அறிக்கை ஒரு பெரிய பிரதி. சில வரிகள்தான். பெயர் போடாத பத்திரிகைக்கு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். யாரையாவது பிடிக்கணும்னா எங்களைப் பிடி, பக்கத்து வீட்டுக்காரனைத் தொடாதே என்று அர்த்தம். ஆனால் எழுதியவர் யார், தட்டச்சு செய்தவர் யார், செய்தி கொண்டு வந்தவர் யார் என்ற பெயர் ஒன்றுகூட வெளியே வரவில்லை. 'நான் எழுதினேன்' என்று அவர்கள் சொல்லவில்லை. 'நான் பொறுப்பு' என்றார்கள். எழுத்தாளன் என்கிற பெருமையில்லாமல் எழுத்தின் சுமையை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்வது. படைப்பாளி செத்துவிட்டான் என்று நாம் தத்துவம் பேசுகிறோமே, அங்கே படைப்பாளி தானாகவே மறைந்து போய்ப் பொறுப்பாளியாகத் திரும்பி வந்தாள்.

விலை உடனே கேட்டார்கள். கவல்யோவ் அந்த டிசம்பரிலேயே கைதானார். ஏழாண்டு முகாம், மூன்றாண்டு நாடுகடத்தல். கதரோவிச் 1977இல் நாட்டைவிட்டு வெளியேறினார். வெலிகானவா 1979 வரை மாஸ்கோவில் தாக்குப்பிடித்தார்.

*

இனி என் மாறுபாடு. பக்திக் கட்டுரை எழுத எனக்கு விருப்பமில்லை.

குறிப்பேட்டின் சங்கிலி அறிமுகத்தால் ஆனது. அறிமுகம் இருக்கிறவனுக்குத்தான் சங்கிலி எட்டும். மாஸ்கோவில் படித்தவர், படித்தவரின் நண்பர், நண்பரின் நண்பர். 1944இல் ஊரோடு பிடுங்கி எறியப்பட்ட கிரீமியத் தாத்தார்களின் போராட்டத்தை அது விடாமல் பதிவு செய்தது. லாவூத் அவர்களுக்காகவே நிறைய உழைத்தார். லித்துவேனியக் கத்தோலிக்கர், பெந்தகொஸ்தேக்காரர், உக்ரைனியர் எல்லோரும் வருகிறார்கள். அது உண்மை. ஆனால் கூட்டுப்பண்ணை உழவர்கள்? அவர்கள் வருவது குறைவு. 1974 ஆணைக்கு முன்பு வரை பெரும்பாலான கூட்டுப்பண்ணை உழவர்களுக்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டுகூடக் கிடையாது. ஊரைவிட்டு வெளியே போய் வாழ உரிமை இல்லாதவர்கள். தட்டச்சுப் பொறி இல்லாதவனின் துன்பத்துக்குத் தேதி போட ஆள் வேண்டும். அந்த ஆள் அங்கே போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்லும்போது அனதோலி மார்ச்சென்கோ நினைவுக்கு வருகிறார். சைபீரியாவில் ரயில்வேத் தொழிலாளியின் மகன். எட்டு வருஷம் படித்ததோடு பள்ளியை விட்டவர். தொழிலாளர் விடுதிச் சண்டையில் முதல் சிறை. பிறகு எல்லை தாண்டப் பார்த்ததற்கு ஆறாண்டு. வெளியே வந்து 1967இல் 'என் சாட்சியம்' எழுதினார். ஸ்டாலினோடு முகாம்கள் முடிந்துவிட்டன என்று நம்பிக்கொண்டிருந்த படித்த மாஸ்கோவை அந்தப் புத்தகம் உலுக்கியது. பசி, தன் உடம்பைத் தானே வெட்டிக்கொள்ளும் கைதிகள், நெற்றியில் பச்சை குத்தி அதற்காகத் தோலை இழந்தவர்கள். எல்லாம் 'நான்' என்று பேசுகிற குரல். குறிப்பேட்டில் மார்ச்சென்கோ வருவதும் அவருடைய புத்தகத்தில் மார்ச்சென்கோ வருவதும் ஒன்றில்லை. அங்கே தேதியும் சட்டப் பிரிவும். இங்கே வயிறு. 1986 டிசம்பரில், நீண்ட உண்ணாநோன்புக்குப் பின், சிஸ்தபோல் சிறையில் செத்துப் போனார்.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் தன்வரலாறுகள் வந்தபோது, 'இது ஆவணம், இலக்கியமில்லை' என்று சில பேர் மூக்கைச் சுளித்தார்கள். வேறு சில பேர் தலைகீழாய், 'கத்தல் அதிகம், தகவல் எங்கே' என்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ரஷ்யாவின் இந்த அனுபவம் பதில் சொல்கிறது. மார்ச்சென்கோவின் 'நான்' இல்லாவிட்டால் குறிப்பேடு வெறும் எண்ணிக்கை. குறிப்பேடு இல்லாவிட்டால் மார்ச்சென்கோ யாரோ ஒரு முரடனின் புலம்பல் என்று ஒதுக்கப்பட்டிருப்பார். வயிறு பேச வேண்டும். பேசியதை யாராவது தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

குறிப்பேட்டில் அடைமொழி இல்லாததற்கு இன்னொரு நியாயமும் உண்டு. அடைமொழி போட ஆரம்பித்தால் வரிசை வந்துவிடும். 'மாபெரும் விஞ்ஞானி' ஒருவரின் துன்பம் முன்னால், யாரோ ஒரு தாத்தாரியக் கிழவியின் துன்பம் பின்னால். குறிப்பேட்டில் சகாரவுக்கும் அந்தக் கிழவிக்கும் ஒரே வாக்கிய அமைப்பு. பெயர், நாள், என்ன நடந்தது. ஒருவரை மேலே ஒருவரைக் கீழே வைக்காத உரைநடை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

*

1980 ஆகஸ்டில் வெலிகானவாவுக்கு வழக்கு நடந்தது. சோவியத் எதிர்ப்புப் பிரசாரம் என்று குற்றச்சாட்டு. விசாரணையில் அவர் பதில் சொல்லவில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்றார். நடப்பது நீதியே இல்லை என்பதால் அதில் பங்கெடுக்க மறுத்தார். 1968இல் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொன்ன அதே பெண். இடைப்பட்ட ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சாட்சியாய் நின்றவர், தன் முறை வந்தபோது அரசிடம் ஒரு வார்த்தையும் சாட்சியமாகக் கொடுக்கவில்லை. யாரிடம் சொல்வது என்பதையும் சாட்சிதான் முடிவு செய்வாள்.

நான்காண்டு முகாம், ஐந்தாண்டு நாடுகடத்தல். மொர்தோவியாவில் பெண் அரசியல் கைதிகளுக்கான சிறு முகாம். அங்கே உடனிருந்த கவிஞர் இரீனா ரத்துஷின்ஸ்கயா பிறகு எழுதிய சிறை நினைவுகளில் வெலிகானவாவைப் பார்க்கலாம். முகாம் முடிந்து மேற்குக் கசக்ஸ்தானுக்கு அனுப்பினார்கள். 1987இல், கர்பச்சோவ் காலத்தில், மன்னிப்பு வந்தது. அவர் ஏற்கவில்லை. குற்றம் செய்தவனுக்குத்தானே மன்னிப்பு? தண்டனையைக் கழித்துவிட்டே மாஸ்கோ திரும்பினார். திரும்பியபின் கட்சி தொடங்கவில்லை, பதவிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். 2002இல் இறந்தார்.

அந்தக் கதை முடிந்துபோன கதை இல்லை. கவல்யோவ் பின்னாளில் தலைமை ஏற்று நடத்திய மெமோரியல் அமைப்பு, அந்தக் காலத்து ஆவணங்களைப் பாதுகாத்து வந்தது. 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசில் அதற்கும் பங்கு கிடைத்தது. வெலிகானவா படித்த அதே கணிதத் துறையில் ஆய்வு மாணவராய் இருந்த அராஜகவாதி அசாத் மிஃப்தாகவ் 2019இல் கைதானார், 2021இல் ஆறாண்டு தண்டனை பெற்றார். 2023இல் முகாம் வாசலைத் தாண்டிய உடனேயே மறுபடி பிடித்தார்கள். 2024இல் மேலும் நான்காண்டு. யாரோ ஒருத்தர் எங்கோ உட்கார்ந்து இதற்கும் தேதி போட்டுக்கொண்டிருப்பார்.

கார்க்கியின் தாய் ரயில் நிலையத்தில் பிடிபட்டபோது கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறாள், தாள்களை அள்ளி வீசுகிறாள். கண் கலங்க வைக்கிற முடிவு. வெலிகானவாவின் கதையில் அப்படிக் காட்சி எதுவும் கிடையாது. வாய் திறக்காமல் குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்திருந்த பெண். அவர் கைதான பிறகும், கிழிந்த கார்பன் தாள்களுக்கு நடுவே, இன்னும் சில ஆண்டுகள் இதழ் வந்துகொண்டிருந்தது. தாயைப் படித்து அழுத எங்களுக்கு, இந்தத் தாயைப் படிக்கும்போது அழுகை வரலை. நான் எழுதி வைத்திருக்கும் பழைய சாட்சியங்களை எடுத்துத் தேதியெல்லாம் சரியா என்று பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். இரண்டு இடத்தில் தப்பு. ஒரு பெண்ணின் ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டிருந்தேன். இன்னொருத்தர் தாக்கப்பட்ட ஆண்டு ஒன்று பிசகியிருந்தது. திருத்திவிட்டேன்.